வீடியோவில் உடலசைவை அளப்பது: வடசென்னை மாஸ்டர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பயிற்சி நடக்கும் இடத்தில் மாஸ்டரின் கையில் இப்போது விசிலோடு செல்போனும் இருக்கிறது. பிள்ளைகள் குத்துவதையும் ஓடுவதையும் உதைப்பதையும் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். எடுத்ததை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வீடியோவிலிருந்து உடலசைவை அளக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

வீடியோவைப் பார்த்துக் கணினி என்னதான் செய்கிறது?

ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே இருக்கின்றன என்று தேடிப் புள்ளி வைக்கிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு குச்சி உருவம் கிடைக்கும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது, கை எவ்வளவு தாழ்ந்தது, குத்து கிளம்பித் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்துப் போடும் கணக்கு.

அசைவைத் துண்டு துண்டாகப் பார்ப்பது புதிதல்ல. 1878-லேயே எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழுவதைப் படமாகக் காட்டினார். நேற்றுவரை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் கையால் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதுதான் புதியது.

முழங்கை எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

மனிதர்கள் ஏற்கெனவே புள்ளி வைத்துக் கொடுத்த படங்களிலிருந்து கற்றுக்கொள்கிறது. இந்தத் துறையில் அதிகம் பயன்படும் ‘கோகோ’ என்ற படத்தொகுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மனித உருவங்களுக்கு மூட்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு 17 புள்ளிகள்: மூக்கு, இரண்டு கண், இரண்டு காது, பிறகு தோளிலிருந்து கணுக்கால் வரை. 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘ஓப்பன்போஸ்’ மென்பொருள், ஒரே படத்தில் பலர் இருந்தாலும் ஒவ்வொருவரின் உருவத்தையும் உடனுக்குடன் பிரித்துக் காட்டியது. கூகுளின் ‘மீடியாபைப்’ 33 புள்ளிகள் வைக்கிறது; செல்போனிலேயே ஓடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 17 புள்ளி முறையில் குதிகாலும் கால் விரலும் கிடையாது. குத்துச்சண்டையில் பாதி விஷயம் பின்னங்காலின் குதிகாலில்தான் இருக்கிறது. அதனால் பாதத்துக்கும் புள்ளி வைக்கும் மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. எலும்பு இருக்கும் இடம் இயந்திரத்துக்குத் தெரியாது, ஊகிக்கிறது. கை உடம்புக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் ஏதோ ஓரிடத்தில் புள்ளியை வைத்துவிடும். அந்தப் புள்ளியின் மேல் அதற்கு எவ்வளவு நம்பிக்கை என்ற மதிப்பெண்ணும் கூடவே வரும். பல செயலிகள் அழகான குச்சி உருவத்தைக் காட்டிவிட்டு இந்த மதிப்பெண்ணை மறைத்துவிடுகின்றன. அதைக் காட்டாத செயலியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

என்னிடம் சாதாரண போன்தான் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் ஃபிரேம் வேகம், ஷட்டர் வேகம் இரண்டையும் புரிந்துகொண்டு எடுக்க வேண்டும். வடசென்னையில் நான் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஃபிரேம் வேகம். போன் வழக்கமாக நொடிக்கு 30 படம் எடுக்கும். வேகமான ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) ஒன்றில் முஷ்டி நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் முஷ்டி ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். குத்தின் பெரும்பகுதி கேமராவுக்குத் தெரியாமலே முடிந்துபோகும். ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 படம் எடுத்தால் அந்த இடைவெளி 3.3 சென்டிமீட்டராகக் குறைகிறது. நடை, ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), தண்டால் போன்ற நிதானமான அசைவுகளுக்கு 60 போதும். குத்து, உதை, பந்துவீச்சுக்கு 240 வையுங்கள்.

அடுத்தது ஷட்டர். ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது அது. சாயங்காலம் ஒரே ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கிவிடும். நொடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதே முஷ்டி 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்ட கறையாகப் பதியும். அதில் மணிக்கட்டு எங்கே என்று மனிதனாலேயே சொல்ல முடியாது. 1000-இல் ஒரு பங்கு என்றால் இழுபடுவது 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆகவே காலை வேளையில், மொட்டை மாடியிலோ மைதானத்திலோ எடுங்கள். வசதி இருந்தால் கேமரா செயலியின் புரோ பகுதியில் ஷட்டரை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். டியூப்லைட் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்குவதால் 240-இல் எடுத்த வீடியோவில் படம் விட்டு விட்டு இருளும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லை இல்லை.

சில போன்கள் 960 ஃபிரேம் என்று விளம்பரம் செய்துவிட்டு, இடையிலுள்ள படங்களைத் தாங்களே கற்பனையாக உருவாக்கிச் சேர்க்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும், அளக்க உதவாது. அந்தப் படங்களில் இருப்பது நடந்த அசைவு அல்ல.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வழக்கம்போல் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், நுணுக்கங்கள் போய்விடும். இணைப்பில் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்து கோப்பாக அனுப்புங்கள்.

கேமராவை எங்கே வைக்க வேண்டும்?

அசைவு எந்தத் திசையில் நடக்கிறதோ அதற்குச் செங்குத்தாக. ஜாப், ஓட்டம், ஸ்குவாட் மூன்றுக்கும் நேர் பக்கவாட்டில் வையுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்க்க நேர் எதிரில். கோணம் 10 டிகிரி தவறினால் ஒரு மீட்டர் நீளக் காலடி 98 சென்டிமீட்டராகத் தெரியும், அது பரவாயில்லை. 30 டிகிரி தவறினால் 87 சென்டிமீட்டர். பிள்ளை காலடி நீளத்தைக் குறைத்துவிட்டான் என்று நினைப்போம், குறைந்தது கேமராவின் பார்வைதான்.

தூரமும் முக்கியம். நம் பக்கத்துக் கூடங்கள் சிறியவை. மூன்று மீட்டர் தள்ளி நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. அந்தத் தூரத்தில் வீரர் கேமராவை நோக்கி 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் படத்தில் 11 சதவீதம் பெரிதாகிவிடுவார். எட்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்தப் பிழை 4 சதவீதம். அதனால் கதவுக்கு வெளியே, தெருவில் நின்றாவது தள்ளி வைத்து ஜூம் செய்யுங்கள். கிட்டே வைத்து அகலக் காட்சி லென்ஸில் எடுக்கவே கூடாது, ஓரங்களில் கையும் காலும் நீண்டு வளைந்துவிடும்.

போனை இடுப்பு உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்துங்கள். ட்ரைபாட் இல்லையென்றால் ஸ்டூல் மேல் செங்கல் வைத்து நிறுத்தினாலும் சரி, கையில் மட்டும் பிடிக்காதீர்கள். சென்டிமீட்டரில் அளவு வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பையோ டேப்பையோ வீரர் நிற்கும் அதே கோட்டில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சுவரில் கோடு போட்டால் அளவு தப்பாகும்.

என்ன உடை போட வேண்டும்?

உடம்போடு ஒட்டிய பனியன், முழங்கால் தெரியும் ஷார்ட்ஸ். தொளதொளவென்ற கால்சட்டைக்குள் இடுப்பும் முழங்காலும் காணாமல் போகும். சுவர் கருமையாக இருந்தால் வெளிர் நிற உடை, வெள்ளைச் சுவர் என்றால் அடர் நிறம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்து நம் பிள்ளைகளின் கறுத்த கைகால்களை நிழலாக்கிவிடும். படம் எடுக்கும் முன் திரையில் பிள்ளையின் தோளை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். பெண் பிள்ளைகள் எந்த உடையில் வசதியாக உணர்கிறார்களோ அதிலேயே எடுங்கள். அளவு கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு ஜாபை எடுத்துக்கொண்டால் இதிலிருந்து உண்மையில் என்ன கிடைக்கும்?

சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. இங்குள்ள மாஸ்டர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்: “இடது கை போகும்போது வலது கை இறங்குது.” பையன் ஒப்புக்கொள்ள மாட்டான். தன் கை தாடையிலேயே இருந்ததாக அவன் உண்மையாகவே நம்புகிறான். இந்த இடத்தில் வீடியோ அளவு தரும் உதவிக்கு ஈடே இல்லை. வலது மணிக்கட்டுக்கும் மூக்குக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைபடமாக்கினால், எந்தக் கணத்தில் கை இறங்கத் தொடங்கியது, எவ்வளவு இறங்கியது, எப்போது திரும்பி வந்தது என்று பையனே பார்த்துக்கொள்வான். முதல் மூன்று குத்துகளில் இறங்காத கை, களைத்த பிறகு இறங்குகிறதா என்பதும் தெரியும். அது தெரிந்தால் குறை பழக்கத்திலா தெம்பிலா என்று மாஸ்டர் முடிவு செய்யலாம்.

குத்து கிளம்பும் கணத்துக்கும் முழங்கை முழுதாக நீளும் கணத்துக்கும் இடையிலுள்ள நேரம், அங்கிருந்து கை தாடையைக் காக்கும் நிலைக்குத் திரும்பும் நேரம் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். போகிற வேகத்தை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வரும் வேகம் குறைந்தவன்தான் எதிர்க்குத்து வாங்குகிறான்.

பக்கவாட்டிலிருந்து இடுப்பும் தோளும் சுழல்வது சரியாகத் தெரியாது. அதற்கு இரண்டாவது கேமரா வேண்டும். கையுறை போட்ட பிறகு மணிக்கட்டுப் புள்ளி அலையும். கையுறையின் விளிம்பில் பளிச்சென்ற நிற டேப் ஒட்டி அந்த நிறத்தைத் தனியாகப் பின்தொடர்வது நல்ல வழி.

குத்தின் பலம் எவ்வளவு என்று சொல்லுமா?

சொல்லாது. செல்போன் வீடியோவை வைத்துக் குத்தின் விசையைக் கிலோவில் காட்டும் செயலியை நம்பாதீர்கள். குத்துக்குப் பின்னால் உடலின் எவ்வளவு எடை சேர்ந்து வந்தது என்பது படத்தில் இல்லை. ஐஐடி மெட்ராஸ் நம் நாட்டுக் குத்துச்சண்டை வீரர்களுக்காக உருவாக்கிய ‘ஸ்மார்ட்பாக்ஸர்’ அமைப்பில் வீடியோ கேமராவோடு கையுறைக்குள் அழுத்த உணரியும் காலணிக்குள் தரை விசையை அளக்கும் உணரியும் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

வரும் எண்களை எந்த அளவு நம்பலாம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்கேப்’ இரண்டு ஐபோன்களை வைத்து மூட்டுக் கோணங்களை முப்பரிமாணத்தில் கணக்கிடுகிறது. ஆய்வுக்கூட அளவோடு ஒப்பிட்டால் அதன் பிழை சராசரியாக நான்கைந்து டிகிரி. ஒற்றைப் போனில் இதைவிடக் கூடுதலாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே போன வாரம் முழங்கால் 92 டிகிரி, இந்த வாரம் 94 என்றால் ஒன்றும் மாறவில்லை. 92 என்பது 110 ஆனால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

வேகக் கணக்கில் ஒரு பொறி உண்டு. இயந்திரம் வைக்கும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் நடுங்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்குள் அது ஒரு சென்டிமீட்டர் தவறினால், 30 ஃபிரேமில் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் தப்பாகும். அதே ஒரு சென்டிமீட்டர் 240 ஃபிரேமில் நொடிக்கு 2.4 மீட்டர் தப்பைக் கொண்டுவரும்! ஃபிரேம் கூடினால் துல்லியம் தானாகக் கூடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேகத்தைக் கணக்கிடும் முன் நடுக்கத்தை வடிகட்ட வேண்டும். இதற்கு ‘பட்டர்வொர்த்’ என்ற வடிகட்டி வழக்கத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறி வடிகட்டினால் குத்தின் உச்ச வேகமே மழுங்கிவிடும். கணக்குத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரைப் பயிற்சிக் கூடத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் மாஸ்டர்களிடம் கேட்பது இதற்காகத்தான். நம் தெருக்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

உலகச் சாம்பியனின் வீடியோவோடு என் மகனை ஒப்பிடலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். தொலைக்காட்சிக் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும், கோணம் மாறும், அளவுகோல் இருக்காது. அவருடைய கை நீளமும் இடுப்பு அகலமும் வேறு. அவருடைய முழங்கால் கோணத்தை உங்கள் பிள்ளையின் உடம்பில் திணிப்பதால் நன்மை இல்லை, காயம் வரலாம். போனில் எடுத்த அளவு தாங்கக்கூடிய ஒப்பீடு ஒன்றுதான்: அதே பிள்ளை, அதே இடம், அதே கேமரா உயரம், அதே பயிற்சி. போன மாதமும் இந்த மாதமும். பெற்றோர் இதில் ஏமாற்றமடைவதைப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளையை முன்னேற்றுவது இந்த ஒப்பீடுதான்.

என் பையன் பந்தை ‘எறிகிறான்’ என்று குற்றம் சொல்கிறார்கள். வீடியோவில் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. இந்த விஷயத்தில் அரைகுறை அளவால் ஒரு பையனின் பெயர் கெட்டுவிடும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) விதிப்படி பந்துவீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. கை தோளைச் சுற்றிச் சுழலும்போது, மடக்கிய நிலையிலேயே இருக்கும் முழங்கைகூட ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நிமிர்வதுபோல் தெரியும். முத்தையா முரளிதரனின் கை பிறவியிலேயே முழுதாக நிமிராத கை. அந்த வீச்சைப் பார்த்து எத்தனை பேர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னார்கள்! முறையான சோதனைக்கு உடம்பில் ஒளி திருப்பும் குமிழ்கள் ஒட்டி, பல கேமராக்களால் முப்பரிமாணத்தில் அளப்பார்கள். ஐசிசி அங்கீகரித்த அத்தகைய கூடம் நம் ஊரிலேயே, போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிறது.

கால்பந்துக்கு எப்படி?

இரண்டு விதம். ஒரு வீரரின் உதையை மட்டும் பார்ப்பது குத்தைப் பார்ப்பதுபோலத்தான். அணி முழுவதும் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. அதற்கு உயரம் வேண்டும். வியாசர்பாடியில் மைதானத்தை ஒட்டிய குடியிருப்பின் மாடியிலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மைதானத்தின் நான்கு மூலைகளும் படத்தில் இருந்தால், சாய்ந்த காட்சியை மேலிருந்து பார்க்கும் வரைபடமாகக் கணினி மாற்றிவிடும். அதன்பின் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று மீட்டரில் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் கடக்கும்போது கணினி ஆளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

2022 உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க மைதானத்துக் கூரையடியில் 12 கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு வீரருக்கும் 29 புள்ளிகள் வரை, நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தார்கள். ஒரே போனிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இடைவெளியைப் பார்க்க அவ்வளவு துல்லியம் தேவையும் இல்லை.

கேரமுக்குப் பயன்படுமா?

இதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண். கேரமுக்கு உடல் புள்ளிகள் உதவாது. விரல்களுக்கென்று தனி மென்பொருள் இருக்கிறது, அது ஒரு கைக்கு 21 புள்ளிகள் வைக்கும். போனைப் பலகைக்கு நேர் மேலே தொங்கவிட்டு எடுங்கள். விரல் சுண்டும் கணம் மிக வேகமானது, அதைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம். ஆனால் சுண்டுவதற்கு முன் மணிக்கட்டு அசையாமல் நிற்கிறதா, ஸ்டிரைக்கர் குறிவைத்த கோட்டில் போனதா என்பது நன்றாகத் தெரியும். பலகை தட்டையானது, அளவு தெரிந்தது, சதுரமானது. கணினிப் பார்வைக்கு இதைவிட இணக்கமான ஆட்டக்களம் அரிது.

காயம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லுமா?

சொல்லும் என்று விற்கிறார்கள். நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயும் பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் வாய்ப்பு அதிகம் என்று 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. அதில் காயமடைந்தவர்கள் ஒன்பது பேர்தான். 2016-இல் நார்வேயில் எழுநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளை வைத்துப் பார்த்தபோது, யாருக்குக் காயம் வரும் என்று அந்தக் கோணத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முழங்கால் சாய்வதைப் பார்த்தால் தசைகளை வலுவாக்கும் பயிற்சி கொடுங்கள், அது எல்லோருக்கும் நல்லது. காயத்துக்குப் பிறகு இரண்டு கால்களும் ஒரேபோல் வேலை செய்கின்றனவா என்று வாராவாரம் பார்க்கவும் வீடியோ உதவும். வலி என்று பிள்ளை சொன்னால் வீடியோ எடுக்க வேண்டாம், பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போங்கள்.

இது வந்துவிட்டால் மாஸ்டர் எதற்கு?

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு. பத்து நிமிட வீடியோவிலிருந்து கணினி லட்சக்கணக்கான எண்களைக் கொட்டும். அவற்றில் இந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. மாஸ்டர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி: “வலது கை எப்போது இறங்குது?” அதற்கேற்பத்தான் கேமராவின் இடமும் ஃபிரேம் வேகமும் அமைய வேண்டும். கேள்வி இல்லாமல் எடுத்த வீடியோவிலிருந்து உருப்படியான பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளை வீடியோ எடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். வியர்வையில் நனைந்த பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையின் வீடியோ குழுக் குழுவாகச் சுற்றுவதை எந்தத் தாய் பொறுப்பாள்? பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள், அதற்காகப் பயிற்சியில் அவளை ஒதுக்காதீர்கள். வீடியோவை ஏதோ ஒரு நாட்டு சர்வருக்கு அனுப்பும் செயலியைத் தவிர்த்து, சொந்தப் போனிலோ லேப்டாப்பிலோ ஓடும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். புள்ளிகளை எடுத்த பிறகு வீடியோவை அழித்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்குக் குச்சி உருவம் போதும்.

எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்குச் செலவே இல்லாமல் தொடங்கலாம். ‘கினோவியா’ விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கிறது. கோணம், நேரம், தூரம் மூன்றையும் கையால் குறித்து அளக்க அதுவே போதும், நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான். தானாகப் புள்ளி வைக்கும் மீடியாபைப்பும் இலவசம், கொஞ்சம் பைத்தான் நிரல் தெரிந்திருக்க வேண்டும். காசு செலவழிப்பதென்றால் ஒரு நல்ல ட்ரைபாடுக்குச் செலவழியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது? எப்படிச் சேமிப்பது?

மாதம் ஒருமுறை போதும். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு தடவை, களைத்த பிறகு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஐந்து குத்து அல்லது ஐந்து உதை எடுத்து, அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வரும் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிறந்த குத்தைப் பொறுக்கி எடுக்காதீர்கள். ட்ரைபாட் நிற்கும் இடத்தையும் பிள்ளை நிற்கும் இடத்தையும் தரையில் பெயின்ட்டால் குறித்துவிட்டால் அடுத்த மாதம் தேட வேண்டாம். கோப்பின் பெயரில் தேதி, பிள்ளையின் எண், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, ஃபிரேம் வேகம் நான்கும் இருக்கட்டும். பிள்ளையின் பெயரை அதில் எழுத வேண்டாம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மாஸ்டரின் நோட்டில் மட்டும் இருந்தால் போதும்.